தைலம்மாள் கட்டிய வரி

தைலம்மாளை நான் முதலில் பார்த்தது டவுன் பஸ்ஸில். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கடலோரம் போகிற மத்தியான பஸ். அண்ணாமலை நகர் மெஸ்களுக்கு நண்டு கொடுத்துவிட்டு, கழுவிய அலுமினியக் கூடையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நிற்க இடமில்லாத பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது.

"வா பொண்ணு, ஒக்காரு," என்றார். "நண்டெல்லாம் எறங்கிப் போயிடுச்சு. வாசனை மட்டுந்தான் கூட வருது. நமக்கே டிக்கெட் இல்லாத பஸ்ஸு, அதுக்கு மட்டும் எதுக்கு டிக்கெட்டு?"

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்டில் வேலை பார்ப்பவர் என் அப்பா. எங்கள் வீட்டில் காலேஜ் படித்த முதல் ஆள் நான். தாவரவியல் முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பிச்சாவரத்தை ஒட்டிய தாழந்திட்டு என்ற ஊரில் அலையாத்திக் காட்டை மறுபடி வளர்க்கிற திட்டம். அதற்குப் பணம் எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கிற ஒரு கம்பெனியிடமிருந்து வந்தது. இங்கே மரம் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிற கரியமில வாயுவை அவர்கள் அங்கே விடுகிற புகைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஊர்க் குடும்பங்களுக்குப் பங்காகப் போகும்.

தைலம்மாள் தாழந்திட்டுக்காரர் என்று தெரிந்ததும் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்போ அங்க அவன் பொகைய நிறுத்திட்டானா?"

"இல்லக்கா. கொஞ்சம் குறைப்பாங்க. மிச்சத்துக்குத்தான் இங்க மரம்."

"நிறுத்தாம காசு குடுத்தா சரியாப் போச்சா?"

"அதுதான்க்கா எனக்கும் சரியாத் தெரியல."

"தெரியாமத்தான் சம்பளம் வாங்குறியா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு. நான் மட்டும் தெரிஞ்சா விக்கிறேன்? நம்ம நண்டை எப்படித்தான் கொழம்பு வெக்கிறான்னு ஒருநாள் அந்த மெஸ்ஸுக்குள்ள போயிப் பாத்துட்டேன். பாத்திருக்கக் கூடாது," என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸில் எனக்கு ஓர் இடம் நிரந்தரமானது.

தைலம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தாழந்திட்டில் பிறந்து நாகப்பட்டினம் பக்கம் வாழப் போனவர். கணவர் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டதும், சண்டை எதுவும் போடாமல் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். "சண்ட போட்டு ஜெயிச்சா அவனத்தானே குடுப்பாங்க, அத வெச்சு என்ன பண்றது?" என்பார். விதவையான அம்மாவும் அவருமாக ஒரு வீட்டில் இருந்தார்கள். உப்பங்கழியில் தூண்டில் கயிற்றில் கோழிக்குடல் கட்டி நண்டு பிடிப்பது அவர் தொழில். புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார். கரையேறியதும் செல்போனை எடுத்து மெஸ் முதலாளிகளுக்குக் குரல் செய்தி அனுப்புவார். "இன்னிக்குப் பொட்ட நண்டு. சதை ஜாஸ்தி. நேத்து மாதிரி வெலையக் கொறைக்கிற பேச்சு இருந்தா இப்பவே சொல்லிடு, பக்கத்து மெஸ்ஸுக்குப் போறேன்." அண்ணன் தங்கராசுவின் வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டார். சொந்தச் சம்பாத்தியத்தில் வீட்டுக்கு ஓட்டுக்கூரை மாற்றி, கரண்டு இழுத்து, ஒரு பிரிட்ஜும் வாங்கியிருந்தார். குறையென்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஊர் அவரிடம் வரி வாங்குவதில்லை.

இதை அவர் முதலில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. வரி வாங்கவில்லை என்று யாராவது வருத்தப்படுவார்களா?

தாழந்திட்டில் வரி என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கட்டுகிற பணம். கல்யாணமான ஒவ்வோர் ஆம்பளையும் ஒரு வரி. வரிக்காரர்தான் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். புயல் நிவாரணமோ, உப்பங்கழி ஏலத்துப் பணமோ, எது வந்தாலும் வரிக்கு இவ்வளவு என்றுதான் பிரிப்பார்கள். வரி வீட்டில் சாவு விழுந்தால் அன்று ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. ஆம்பளை இல்லாத வீடு வரியில் சேராது. ஊர் அந்த வீட்டை ஒதுக்கிவைக்கவில்லை, கோயில் கூழ் ஊற்றினால் முதலில் கூப்பிடும். ஆனால் கணக்கில் அந்த வீடு கிடையாது.

தைலம்மாளின் அம்மா இறந்த அன்று போட்டுகள் வழக்கம்போலக் கடலுக்குப் போயின. அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. "அன்னிக்கு நல்ல பாடு வேற," என்று மட்டும் சொன்னார். பாடு என்றால் கடலில் கிடைக்கிற மீன்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி மாதமும் அவர் வரிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நாட்டார் ஆண்டியின் வீட்டுக்குப் போவார். நாட்டார் என்பது ஊர்த் தலைவரின் பதவிப் பெயர். ஆண்டி தைலம்மாளுக்கு அத்தை மகன், முறைக்கு மச்சான். கேலி பேச உரிமையுள்ள உறவு. ஆண்டி ஒவ்வொரு முறையும், "வெச்சுக்க தைலம், அம்மனுக்கு நெய்விளக்கு போடு," என்று திருப்பி அனுப்பிவிடுவார். திட்டமோ கம்பெனியோ வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே நடந்த கதை இது.

பொங்கல் கழிந்து பங்கு பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். கோயில் முன்னால் தகரக் கொட்டகை. வரிக்காரர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் சகாய ஆனந்த் சாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே, வலை போட்டிருந்த இடத்தில் நின்றார்கள். முதல் வருடம் கூலிக்குக் கண்டல் என்கிற அலையாத்திச் செடியை நட்டவர்கள் எல்லாம் அந்தப் பெண்கள்தான். அவர்களுக்கு மேஸ்திரியாக நின்று வேலை வாங்கியவர் தைலம்மாள்.

எழுபது சொச்சம் வரியுள்ள ஊர், அன்றைக்கு நூறுக்கு மேல் சொன்னது. கல்யாண வயது வந்த பையன்களையெல்லாம் வரியாக்கிவிட்டார்கள். தங்கராசுவின் மகன் அன்பரசு சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறான். அவனுக்குப் பெண்கூடப் பார்க்கவில்லை. அவனும் ஒரு வரி. வரி கூடினால் வெளியிலிருந்து வரும் பணம் கூடும் என்று ஊர் நினைத்தது. உண்மையில் ஊருக்கு வரும் மொத்தத் தொகை மாறாது, பையன் உள்ள வீட்டுக்கு இன்னொரு பங்கு போகும், அவ்வளவுதான். இதை ஆனந்த் சார் விளக்கினார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்போது வலைப் பக்கமிருந்து தைலம்மாளின் குரல் வந்தது. "மச்சான், அப்படியே என் வீட்டையும் ஒரு வரியா எழுதிக்க."

கூட்டம் சிரித்தது. "ஒன் வீட்டுல ஆம்பள யாரு தைலம், அந்தச் சேவலா?" என்றார் ஆண்டி.

"அது விடியக்காலையில ஒழுங்கா எந்திரிக்குது. நீ எழுதி வெச்சிருக்கிற பசங்கள்ல எத்தினி பேரு எந்திரிக்கிறான்?"

"காசுன்னதும் வரிப் பேச்சு வருதோ?"

"காசு வர்றதுக்கு முன்னாடியிருந்து பேசறேன். நீதான் நெய்விளக்கு போடச் சொன்ன. இன்னும் போட்டா அம்மனுக்கே மூச்சு முட்டும்."

இன்னொரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

திரும்பும் வழியில் ஆனந்த் சாரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சுனாமிக் காலத்திலிருந்து இந்தக் கரையில் வேலை பார்ப்பவர். "குடும்பம்னா யாருன்னு ஊர்தான் முடிவு பண்ணும்னு நாமதான் ஒப்பந்தத்துல போட்டோம். வெளியில இருந்து போயி அவுங்க வழக்கத்துல கைவெச்சா நாளைக்குக் காடே வேணாம்பாங்க," என்றார்.

"வழக்கத்த மதிக்கிறோம்னு ஒப்பந்தத்துல அப்படி எழுதினது நல்லதுக்குத்தான் சார். ஆனா அதுல தைலம்மா அக்கா இல்லையே."

"இல்லதான்," என்றார். "எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

அன்றிரவு எனக்கும் சமாதானமில்லை. எங்கோ ஒரு கம்பெனி தன் புகையை நிறுத்தாமலிருக்க வழி செய்து தருகிற வேலையோ இது என்ற கேள்வி ஏற்கெனவே இருந்தது. காடு வளர்வது நிஜம், புயலில் அது அலையை உடைப்பது நிஜம், அதன் வேரில் நண்டு பெருகுவதும் நிஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்திருந்தேன். இப்போது அதன் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. காற்றைக்கூட அளந்து கணக்கில் வைக்கத் தெரிந்த எங்களுக்கு, செடியை நட்டவரைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. நான் என்ன செய்ய முடியும் என்றும் தெரியவில்லை. படித்தவள் என்பதால் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்பா நினைப்பார்.

மாசி பிறந்ததும் விஷயம் தானாகவே திரும்பியது.

அலையாத்திச் செடிக்குக் கடல் தண்ணீர் வந்து போக வேண்டும். அதற்காகக் காட்டுக்குள் மீன்முள் மாதிரி வாய்க்கால்கள் வெட்டியிருந்தோம். கார்த்திகை மழையில் அவை சேறடைத்துப் போயின. வெயில் ஏறுவதற்குள் தூர் வாராவிட்டால் இளஞ்செடி கருகிவிடும். பங்குனியில் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், செடி கருகியிருந்தால் ஊர்ப் பங்கு மொத்தமும் நிற்கும். தூர் வாருவது ஊரின் பொறுப்பு. பங்கு ஒன்றுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். வரியைக் கூட்டி எழுதியபோது ஊர் இந்த இடத்தை யோசிக்கவில்லை. வாய்க்காலையும் அந்தக் கணக்கிலேயே வரிக்கு ஒரு துண்டாகப் பிரித்து, முளைக்குச்சி அடித்துப் பெயர் மாட்டியாகிவிட்டது.

மாசி நல்ல மீன் காலம். ஆம்பளைகள் கடலில். அவர்களுக்குப் பதிலாக மனைவிமார்கள் வாய்க்காலுக்கு வந்தார்கள். ஆனால் கல்யாணமாகாத வரிக்கெல்லாம் யார் வருவது? ஒருவன் சென்னை, ஒருவன் திருப்பூர், ஒருவன் சிங்கப்பூர். அம்மாக்கள் ஏற்கெனவே அப்பாக்களின் பங்குக்குச் சேற்றில் நின்றார்கள். வாரிய துண்டுக்கு நடுவே நடுவே வாராத துண்டு கிடந்தது. பையன்களின் பெயர் எழுதிய குச்சிகள் அங்கே நின்றன. ஒரு துண்டு அடைத்தால் போதும், அதற்குப் பின்னாலிருக்கும் செடிக்குத் தண்ணீர் போகாது.

நான் தைலம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தங்கராசு வந்தார். நின்றபடியே, "தைலம், அன்பரசு துண்ட நீ போயி வாரிடு. நாட்டார் கேக்கச் சொன்னாரு," என்றார்.

"அன்பரசு துண்ட அன்பரசு வாரட்டும்."

"அவன் எப்படி வருவான், லீவு இல்ல."

"லீவு இல்லாதவன் எதுக்கு வரியானான்?"

"ஒனக்கு வேணும்னா கூலி தரேன்."

"கூலிக்குப் போற எடத்துக்குப் போறேன்ணே, அதுல வெக்கம் இல்ல. போன வருசம் போகலையா? ஆனா அடுத்தவன் பேரு எழுதின குச்சிக்கிட்ட நின்னு நான் சேறு வார மாட்டேன். என் பேரப் போட்டு ஒரு குச்சி அடி. அன்பரசு துண்டையும் சேத்தே வாரிட்டு வரேன்."

தங்கராசு என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

ஊரில் இப்படி ஆம்பளை இல்லாத வீடுகள் ஏழெட்டு உண்டு. இளவரசி, பொன்னி என்று எல்லாரும் முதல் வருடம் தைலம்மாளோடு செடி நட்டவர்கள். அவர் போகவில்லை என்றதும் அவர்களும் போகவில்லை. யாரும் கொடி பிடிக்கவில்லை, சண்டை போடவில்லை. வழக்கம்போல நண்டு பிடித்தார்கள், பஸ் ஏறினார்கள்.

இரண்டாவது கூட்டம் அவசரமாகக் கூடியது. இந்த முறை ஆண்டியே வலைப் பக்கம் திரும்பிப் பேசினார்.

"என்னா தைலம், ஊரையே நிக்க வெச்சிட்ட."

"நான் எங்க நிக்க வெச்சேன் மச்சான். நீங்க ஒக்காந்திருக்கீங்க. நாங்கதான் நிக்கிறோம்."

ஆண்டி தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பள பேருல வரி எழுதினா ஒங்க ஆபீஸ்ல ஒத்துப்பாங்களா?" என்று கேட்டார். ஆனந்த் சார் என்னைப் பேசச் சொல்லிக் கையசைத்தார். எழுந்து நின்றேன். "ஒப்பந்தத்துல குடும்பம்னுதான் இருக்குங்க. ஆம்பளைன்னு எங்கயும் இல்ல. ஊரு எழுதிக் குடுத்தா நாங்க ஏத்துக்கறோம்."

கூட்டத்தில் சலசலப்பு. ஒருவர் எழுந்து, "இன்னிக்கு வரின்னு எழுதுவோம். நாளைக்கு இவுங்க வீட்டுல ஒண்ணுன்னா ஊரே தொழில நிறுத்தணும். அதை யோசிச்சீங்களா?" என்றார்.

"அந்தக் கவலையே வேணாம்," என்றார் தைலம்மாள். "நான் அமாவாசை பாத்துச் சாவறேன். அன்னிக்கு எப்படியும் வலை எறங்காது."

கேட்டவரே முதலில் சிரித்துவிட்டார். ஆண்டி அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு முடிக்கப் பார்த்தார். "சரி, இப்படி வெச்சுக்கலாம். ஆம்பளைக்கு முழு வரி, இவுங்களுக்கு அரை வரி. பங்கும் பாதி."

"அரை வரிக்கு அரை ஆளா வரணுமே மச்சான். இடுப்புக்கு மேல வரவா, கீழ வரவா? நீயே சொல்லு, வாய்க்காலுக்கு எது தேவைப்படும்?"

இதற்குப் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பில் ஆண்டியின் மனைவியும் இருந்தார். ஆண்டி முகம் சிவந்து, துண்டால் துடைத்துக்கொண்டு, "முழு வரி. எழுதுங்கய்யா. இவகிட்ட யாரு பேசுறது," என்றார். பெண் பார்க்காத பையன்களின் வரி நீங்கியது. தனிப் பெண்களின் வீடுகள் முழு வரியாகச் சேர்ந்தன. பையன்களின் அப்பாக்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் குச்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னால் அவர்களாலும் முடியாது.

அடுத்த வற்றத்தில், கடல் தண்ணீர் இறங்கிய நேரத்தில், தைலம்மாள் அந்த முழுக்கைச் சட்டையோடு வாய்க்காலில் இறங்கினார். தன் பெயர் எழுதிய குச்சியை அவர் ஆட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும். சரியாக ஊன்றவில்லை என்று இன்னும் ஆழமாக அடித்தார். இளவரசியிடம் சேற்றை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். ஆண்டி கரையில் நின்று பார்த்தபோது, "மச்சான், ஒன் துண்டுல ஒன் பொண்டாட்டி நிக்கிறா. நீ கரையில நின்னு எந்த வரிக்கு மேற்பார்வை?" என்று கேட்டு அவரையும் சேற்றில் இறக்கிவிட்டார். பங்குனிக்குள் தண்ணீர் கடைசிச் செடிவரை போனது.

அந்தக் கம்பெனி புகையை நிறுத்தியதா என்றால், இல்லை. அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் எங்கள் காட்டின் படம் பெரிதாக வந்திருந்தது. அதில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவரின் முதுகும் இருந்தது. பஸ்ஸில் காட்டினேன். "மூஞ்சியப் போட்டிருந்தா மெஸ்காரனுக்குக் காட்டி வெலைய ஏத்தியிருப்பேன்," என்றார் தைலம்மாள். முதல் நாள் பஸ்ஸில் அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இந்த வேலையை விடவும் தோன்றவில்லை. காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே, அது போய்ச் சேரும் இடத்தையாவது ஒழுங்காகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியான நினைப்பா, எனக்கு வசதியான நினைப்பா என்பதையும் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஆடியில் திருவிழாவுக்கு வரி வசூல் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் தைலம்மாள் வீட்டில்தான் இருந்தேன். அவர் காலையிலேயே குளித்து, பணத்தை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஆண்டியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எந்த வீட்டிலும் கூப்பிட்டவுடன் யாரும் வரவில்லை. கொடுக்கிற பணத்தை இழுத்துக் கொடுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடந்தது. அடுத்த வீட்டில் ஆண்டி தொண்டை வறளக் கத்துவது கேட்டது.

பிறகு எங்கள் வாசலில் அந்தக் குரல்.

"தைலம்மா, வரி."

நான் எழுந்தேன். தைலம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கரண்டியால் குழம்பைக் கிளறினார். உப்புப் பார்த்தார். கொஞ்சம் புளித்தண்ணீர் ஊற்றினார்.

"தைலம்மா, வரி," என்று மறுபடி குரல் வந்தது, கொஞ்சம் உரக்க.

"இரு மச்சான், என்ன அவசரம்?" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னார். "வரிக்காரங்க வீடுன்னா நாலு தடவ கூப்புடத்தான் வேணும்."

அடுப்பைக் குறைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, தலைமுடியை அவிழ்த்து நிதானமாக மறுபடி கொண்டை போட ஆரம்பித்தார். வெளியே வெயிலில் ஆண்டி மூன்றாவது முறை கூப்பிட்டார்.